நிறைவேறாத கடந்தகாலத் திட்டம்: டச்சு ‘ஸௌ’ துணைவினையும் தமிழ் இணைகளும்

முன்னுரை

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் வசம் இருந்தது. அக்காலச் சோழமண்டலக் கரையின் வரலாற்றை ஆராய்வோர் டச்சு ஆவணங்களைப் படிக்க நேர்கிறது. அவற்றில் ‘நடக்கவிருந்தது’ என்பதை ‘நடந்தது’ எனக் கொண்டால் வரலாறே பிழைபடும். எனவே, திட்டமிட்டுப் பின் மாறிய செயலை டச்சு மொழி உணர்த்தும் முறையை இக்கட்டுரை தமிழோடு ஒப்பிட்டு விளக்குகிறது.

‘ஸௌ’ + வினையெச்சம்

‘ஸௌ’ என்பது எதிர்காலத் துணைவினையான ‘ஸுல்லன்’ என்பதன் இறந்தகால வடிவம், பன்மையில் ‘ஸௌடன்’. பழைய ஆவணங்களில் ஒருமை ‘ஸௌட’ எனவும் வரும். ‘இக் ஸௌ கோமன், மார் இக் வஸ் ஸீக்’ என்னும் தொடர், ‘நான் வருவதாக இருந்தேன், ஆனால் நோயுற்றிருந்தேன்’ எனப் பொருள்படும். தமிழிலும் ‘வர’ என்னும் எச்சத்துடன் ‘இருந்தேன்’ என்னும் இறந்தகால வினை சேர்ந்து ‘வரவிருந்தேன்’ என்றாகிறது. இரு மொழிகளும் கடந்த காலத்தில் நின்று எதிர்காலத்தை நோக்குகின்றன.

பிற வடிவங்கள்

‘வஸ் ஃபன் பிளான்’ என்பது ‘திட்டமிட்டிருந்தேன்’ என வெளிப்படையாகக் கூறும். ‘வில்ட கோமன்’ என்பது ‘வர விரும்பினேன்’ என்ற அளவில் நிற்கும். வந்தாரா, இல்லையா என்பதைச் சொல்லாது. ‘ஹத் வில்லன் கோமன்’ என்பதோ விருப்பம் கைகூடாமையைக் குறிப்பால் உணர்த்தும். இங்கு ‘ஃகவில்ட்’ என்னும் எச்சவடிவம் வரவேண்டிய இடத்தில் ‘வில்லன்’ வருவதைப் பயில்வோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

மயக்கம் நேரும் இடம்

‘ஹெத் ஸ்ஃகிப் ஸௌ இன் மெய் ஃபெர்ட்ரெக்கன்’ என்பது ‘கப்பல் மே மாதம் புறப்படவிருந்தது’ எனப் பொருள்படும். புறப்பட்டதா என்பதை அடுத்த தொடரே தெளிவுறுத்தும். இதனையே ‘ஸௌ இன் மெய் ஃபெர்ட்ரொக்கன் ஸெய்ன்’ என மாற்றினால், ‘புறப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்னும் கேள்விச் செய்தியாகலாம். ‘இன்னது நிகழ்ந்திருந்தால்’ என்னும் நிபந்தனை சேரின் ‘புறப்பட்டிருக்கும்’ எனவும் ஆகலாம். தமிழில் ‘புறப்பட்டிருக்கும்’ என்பதும் நிபந்தனை, ஊகம் ஆகிய இரண்டிற்கும் பயன்படுகிறது. ஆயின் தமிழ் வடிவம் பேசுவோரின் ஊகத்தையும், டச்சு வடிவம் பிறர் கூற்றையும் சுட்டுகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாத மொழிபெயர்ப்பு, பிறர் சொன்னதை எழுதியவரின் கருத்தாக்கிவிடும்.

முடிவுரை

‘ஸௌ’ தனித்து நின்று நிறைவேறாமையை உணர்த்துவதில்லை. அதனை உறுதிசெய்வது ‘மார்’ (ஆனால்) போன்ற இணைப்பிடைச்சொல்லும் சூழலுமே. பயில்வோர் ‘வருவதாக இருந்தேன்’, ‘வந்திருப்பேன்’, ‘வந்ததாகச் சொல்கிறார்கள்’ ஆகிய மூன்றையும் முதலில் தமிழில் வேறுபடுத்திக்கொண்டு, பின்னர் டச்சு வடிவங்களை அவற்றோடு பொருத்துவது பயனளிக்கும். ஆவணம் படிப்போர் ‘ஸௌ’ வரும் இடங்களில் அடுத்த தொடரையும் பார்த்த பின்னரே நிகழ்வைப் பதிவுசெய்தல் வேண்டும்.