ஃபார்மட் போடுவதற்கு முன்

2004 நவம்பர் 5. ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுவில் ஆபாசமாக எழுதியவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று சொல்லப்படும் வழக்கு அது. புகாரும் தீர்ப்பும் ஒரே ஆண்டில். நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட வல்லுநர் விஜயசங்கர் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றளித்துக் கொடுத்த இணையப் பக்கமும், பிரவுசிங் சென்டர்காரர்களின் சாட்சியமும் வழக்கைத் தாங்கின.

அன்று தடயம் என்றால் ஹார்ட் டிஸ்க். கணினியைக் கைப்பற்றப் போனால் பவர் வயரைப் பிடுங்கு என்பதே பாடம். வட்டில் எதுவும் மாறக்கூடாதே! அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம்தான்.

இன்று அதே செயல் தடயத்தை அழிக்கும். ஊடுருவும் நிரல் பல நேரம் ரேமில் மட்டுமே ஓடுகிறது. எந்த முகவரியோடு பேசிக்கொண்டிருந்தது, பூட்டிய வட்டின் திறவுகோல் என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மின்சாரம் போனால் அவையும் போய்விடும். அதனால் முதலில் நெட்வொர்க்கைத் துண்டிக்கிறார்கள், கணினியை அணைப்பதில்லை. ரேமை நகலெடுத்த பிறகே வட்டுக்கு வருகிறார்கள். வட்டில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவி வழியாக முழு நகல் எடுத்து, அதற்கு ஹாஷ் மதிப்பு கணக்கிடுகிறார்கள். நகலில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், 63ஆம் பிரிவின் சான்றிதழிலேயே அந்த ஹாஷைக் கேட்கிறது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட உத்தரவு.

மாறாதது ஒன்று. சென்னைப் புறநகரில் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை, சிறு அலுவலகத்தில் கணினி முடங்கினால் வரும் பையன் சொல்வது: "ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம் சார்." 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய ஆடிட்டரின் அவசரம் புரிகிறது. ஆனால் திருடன் எந்த வாசல் வழியாக வந்தான் என்பது அந்த ஃபார்மட்டோடு அழிகிறது. பழைய பாஸ்வேர்டு, பழைய ரிமோட் இணைப்பு அப்படியே இருக்க, பேக்கப்பை ஏற்றி அதே வாசலை மறுபடி திறந்து வைக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நெட் வயரை எடுங்கள், திரையைப் படம் பிடியுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். வேலை நிற்கக்கூடாது என்றால், ரேமில் இருப்பது போனாலும் வட்டாவது மிஞ்சும்படி புது வட்டு வாங்கிப் போடுங்கள். பழையதை உறையிலிட்டு, தேதியும் நேரமும் கழற்றியவர் பெயரும் எழுதிப் பூட்டி வையுங்கள்.