பாஸ்டன் நகரின் டபிள்யூ.பி.சி.என். வானொலி (1968–2009): பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் 104.1 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் ஒலித்த டபிள்யூ.பி.சி.என். என்னும் வணிக வானொலி நிலையம், 1968 முதல் 2009 வரை ராக் இசையை ஒலிபரப்பியது. ஒலிபரப்ப வேண்டிய பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவை முன்வைத்து, இந்நிலையத்தின் தோற்றம், வளர்ச்சி, மறைவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அந்த உரிமை அறிவிப்பாளரிடமிருந்து விலகிச் சென்ற அளவிற்கே நிலையத்தின் உள்ளூர்த் தன்மையும் குறைந்தது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வணிக வானொலி, பண்பலை, ராக் இசை, உள்ளூர்மை, உடைமைக் குவிவு, பாஸ்டன்.

முன்னுரை

வானொலி குறித்த ஆய்வுகளில், பொதுச்சேவை வானொலியும் சமுதாய வானொலியுமே உள்ளூர்ப் பண்பாட்டிற்கு இடமளிப்பவை என்றும், வணிக வானொலி விளம்பர வருவாயை மட்டுமே நோக்குவது என்றும் பகுத்துக் காணும் போக்கு உண்டு. இப்பகுப்பு எல்லா இடங்களுக்கும் பொருந்துவதில்லை. விளம்பரத்தையே நம்பி வாழ்ந்த டபிள்யூ.பி.சி.என்., ஒரு நகரத்தின் இசைக்கும் அரசியல் உரையாடலுக்கும் நீண்ட காலம் களமாக விளங்கியது. அது எவ்வாறு இயன்றது என்பதும், பின்னர் ஏன் இயலாமற் போயிற்று என்பதும் ஆராயத்தக்கன.

பண்பலையின் தாழ்ந்த சந்தை மதிப்பு

1960களில் அமெரிக்க வானொலியின் வருவாய் பெரும்பாலும் ஏ.எம். எனப்படும் வீச்சுப் பண்பேற்ற நிலையங்களுக்கே உரியதாக இருந்தது. அந்நிலையங்கள் விற்பனையில் முன்னணியில் நின்ற ஏறத்தாழ நாற்பது பாடல்களை மீண்டும் மீண்டும் ஒலிபரப்பின. பாடல்கள் மூன்று நிமிட அளவிலும் அறிவிப்புகள் சில நொடி அளவிலும் அமைந்தன. பண்பலையோ ஒலித்தரத்தில் சிறந்ததாயினும் நேயர்கள் குறைந்ததாக இருந்தது. 1961இல் இருதட ஒலிபரப்பிற்கு அனுமதி கிடைத்த பின்னரும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை.

இச்சூழலை ஓர் அரசு விதி மாற்றியது. ஒரே உரிமையாளரின் ஏ.எம். நிலைய நிகழ்ச்சிகளைப் பண்பலையிலும் அப்படியே ஒலிபரப்பும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதியைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1964இல் வகுத்தது. 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில், பண்பலை நேரத்தில் பாதியேனும் தனி நிகழ்ச்சிகளால் நிரப்பப்பட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டாம் டோனாஹூ, நெடுநேர இசைத்தட்டுகளிலிருந்து விரும்பிய பாடல்களை எடுத்து ஒலிபரப்பும் முறையை வளர்த்தார்.

டபிள்யூ.பி.சி.என். மேற்கூறிய விதியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட நிலையம் அன்று. 1958இல் டி. மிட்செல் ஹேஸ்டிங்ஸ் என்பவரால் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கெனத் தொடங்கப்பெற்ற அந்நிலையத்திற்கு ஏ.எம். இணை எதுவும் இல்லை. அதனை மாற்றத்திற்கு உட்படுத்தியது விதியன்று, பொருள் நெருக்கடியே.

1968: நள்ளிரவில் தொடங்கிய மாற்றம்

ரே ரீப்பன் என்னும் வழக்கறிஞர் 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்ற ராக் இசை அரங்கை 1967 முதல் நடத்திவந்தார். தம் அரங்கில் திரளும் இளைஞர் கேட்க விரும்பும் இசைக்கு நகர வானொலியில் இடமில்லை என்பதைக் கண்ட அவர், ஹேஸ்டிங்ஸை அணுகினார். விளம்பரதாரர் அதிகம் நாடாத இரவு நேரம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. 1968 மார்ச் 15 இரவு, 'மிசிசிப்பி ஹெரால்ட் வில்சன்' என்ற புனைபெயர் கொண்ட ஜோ ரோஜர்ஸ், கிரீம் குழுவின் பாடலொன்றுடன் புதிய ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தார். சில மாதங்களுக்குள் ராக் இசை பகல் நேரத்தையும் கைக்கொண்டது.

மாற்றம் இழப்பதற்கு ஏதுமில்லாத நேரத்தில் தொடங்கியது என்பதே இங்கு முதன்மையானது. நேரத்தின் சந்தை மதிப்பு குறைவாக இருந்தமையால், அதில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை மேலாளர் வரையறுக்கவில்லை. அறிவிப்பாளரின் சுதந்திரம் கொள்கையளவில் வழங்கப்பட்ட கொடை என்பதைவிட, பொருளியல் நலிவின் விளைவு என்பதே பொருந்தும்.

அறிவிப்பாளரின் தேர்வும் நகரத்தின் குழுக்களும்

தொடக்கக்கால நள்ளிரவு அறிவிப்பாளரான பீட்டர் வுல்ஃப், பின்னர் ஜே. கைல்ஸ் பேண்ட் குழுவின் பாடகராகப் புகழ்பெற்றார். சார்லஸ் லாக்விடாரா காலை நிகழ்ச்சியை நையாண்டியும் அரசியலும் கலந்து வழங்கினார். டேனி ஷெக்டர் 1970 முதல் வியட்நாம் போர் எதிர்ப்பு உள்ளிட்ட செய்திகளைப் பாடல்களுடனும் ஒலித்துணுக்குகளுடனும் இணைத்துத் தொகுத்தார். நேயர்களின் பலதரப்பட்ட ஐயங்களுக்கு விடையளிக்கத் தன்னார்வலர்கள் கொண்ட தொலைபேசிச் சேவையும் நடைபெற்றது.

தேர்வுரிமை அறிவிப்பாளரிடம் இருந்ததன் பயனை உள்ளூர் இசைக்குழுக்களின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். ஏரோஸ்மித் குழுவின் தொடக்கக்கால இசையை இடைவிடாது முன்னெடுத்தவர் மேக்ஸேன் சார்ட்டோரி. 1977இல், ஒப்பந்தம் எதுவும் பெற்றிராத கார்ஸ் குழுவின் மாதிரி ஒலிநாடாவை ஒலிபரப்பியவரும் அவரே. இசைத்தட்டாக வெளிவராத பாடல் விற்பனைப் பட்டியலில் இடம்பெற வழியில்லை. ஆகவே, பட்டியலைப் பின்பற்றும் நிலையம் அதனை ஒலிபரப்பியிருக்க இயலாது. ஒரு தனி மனிதரின் செவியும் அவருக்கிருந்த உரிமையுமே அந்த ஒலிநாடா நகரத்தைச் சென்றடையக் காரணமாயின.

1979: வேலைநிறுத்தம்

1970களின் இறுதியில் பண்பலை நலிந்த ஊடகமாக இல்லை. நேயர் எண்ணிக்கையில் ஏ.எம். நிலையங்களை விஞ்சும் நிலையை அது எட்டியிருந்தது. உரிமத்தின் விலை உயர்ந்தது. மைக்கேல் வீனர், ஜெரால்ட் கேரஸ் ஆகியோரின் ஹெமிஸ்பியர் நிறுவனம் 1979 பிப்ரவரியில் டபிள்யூ.பி.சி.என். நிலையத்தை ஏற்றுக்கொண்டவுடன் 19 பணியாளர்களை நீக்கியது. பணியாளர் சங்கத்தையும் ஏற்க மறுத்தது. அறிவிப்பாளர்களும் ஏனைய பணியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நேயர்களும் நகரத்து இசைக்குழுக்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். விளம்பரதாரர் பலர் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டனர். மூன்று வாரங்களில் நிறுவனம் இறங்கிவந்து, நீக்கப்பட்டோரை மீண்டும் பணியில் சேர்த்தது.

விளம்பரம் என்பது வணிக வானொலியை மக்களிடமிருந்து பிரிக்கும் சுவர் என்று கருதுவோர்க்கு இந்நிகழ்வு மாறான சான்றாகும். விளம்பரதாரர்கள் அந்நகரத்தின் வணிகர்களாக இருந்தவரை, நேயர்களின் சினத்தை அவர்கள் பொருட்படுத்தியாக வேண்டியிருந்தது. அதே ஆண்டில் உள்ளூர்க் குழுக்களுக்கான 'ராக் அண்ட் ரோல் ரம்பிள்' போட்டியும் தொடங்கியது. 1981இல் நிகழ்ச்சி இயக்குநரான ஈடிபஸ், பங்க் இசை உள்ளிட்ட புதிய வகைகளுக்கு இடமளித்தார். எனினும், தேர்வுரிமை படிப்படியாக அறிவிப்பாளரிடமிருந்து இயக்குநரின் அலுவலறைக்கு நகர்ந்தது.

உடைமைக் குவிவும் மறைவும்

பாஸ்டன் நிலையத்தை வாங்கிய உரிமையாளர்கள் கட்டியெழுப்பிய நிறுவனமே பின்னர் இன்ஃபினிட்டி ஒலிபரப்பு நிறுவனமாகப் பல நகரங்களில் விரிந்தது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கத்தக்க வானொலி நிலையங்களின் எண்ணிக்கை வரம்பை நீக்கியது. பெரிய சந்தைகளில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை நடத்தவும் வழிவகுத்தது. அவ்வாண்டிலேயே சி.பி.எஸ். நிறுவனத்தின் உரிமையாளரான வெஸ்டிங்ஹவுஸுடன் இன்ஃபினிட்டி இணைந்தது.

அதே 1996இல், நியூயார்க்கிலிருந்து பல நகரங்களுக்கும் ஒருசேர வழங்கப்பட்ட ஹோவர்ட் ஸ்டெர்ன் நிகழ்ச்சி, லாக்விடாரா வகித்த காலை நேரத்தைப் பெற்றது. லாக்விடாரா டபிள்யூ.இசட்.எல்.எக்ஸ். நிலையத்திற்குச் சென்றார். நேயர் எண்ணிக்கை நோக்கில் இது தோல்வியன்று. ஆனால் நாளின் முதன்மையான நேரத்தில் பாஸ்டனைப் பற்றிப் பேசுவோர் அந்நிலையத்தில் இல்லாமற் போயினர். 2005 இறுதியில் ஸ்டெர்ன் செயற்கைக்கோள் வானொலிக்கு மாறியபோது, அவ்விடத்தை நிரப்பத்தக்க உள்ளூர் மரபு நிலையத்தில் எஞ்சியிருக்கவில்லை. 2009 ஆகஸ்டில் சி.பி.எஸ். நிறுவனம் 104.1 அலைவரிசையைத் தன் மற்றொரு நிலையத்திற்கு மாற்றி, 98.5 அலைவரிசையில் விளையாட்டு வானொலியைத் தொடங்கியது. ராக் நிலையமாக டபிள்யூ.பி.சி.என். பண்பலையில் ஒலிப்பது அத்துடன் நின்றது.

முடிவுரை

டபிள்யூ.பி.சி.என். வரலாற்றில் வணிகம் ஒரே முகத்துடன் தோன்றவில்லை. நலிந்த வணிகம் அறிவிப்பாளருக்குச் சுதந்திரம் தந்தது. உள்ளூர் வணிகம் 1979இல் அச்சுதந்திரத்தைக் காக்க உதவியது. நாடளாவிய வணிகம் அதனைத் தேவையற்றதாக்கியது. நிலையம் ஈட்டிய வெற்றியே அதன் உரிமத்தின் விலையை உயர்த்தி, அவ்வெற்றிக்குக் காரணமான சுதந்திரத்தைக் கட்டுப்படியாகாத ஒன்றாக மாற்றியது. ஆகவே, ஒரு வானொலி நிலையத்தின் உள்ளூர்மையை அதன் கோபுரம் நிற்கும் இடத்தைக் கொண்டோ அது வணிக நிலையமா அன்றா என்பதைக் கொண்டோ அளவிடுதல் போதாது. அடுத்து ஒலிக்க வேண்டியதை எந்த ஊரில் இருப்பவர் முடிவு செய்கிறார் என்பதே தக்க அளவுகோலாகும். 2019இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று, முன்னாள் பணியாளர்களும் நேயர்களும் பேணிவைத்திருந்த ஒலிநாடாக்களையும் ஒளிப்படங்களையும் திரட்டியே இந்நிலையத்தின் தொடக்கக்காலத்தை மீட்டெடுத்தது. வணிக வானொலியின் வரலாற்றை எழுத முற்படுவோர் நிறுவன ஆவணங்களோடு நில்லாமல் நேயர்களின் வீடுகளையும் நாட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.