அனுப்பிய பிரதியைத் திருத்தலாமா?
(பெங்களூர் நிருபர்)

பார்சல் ஆபீசில் பெட்டியை எடை போட்டு ரசீது கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு ஒருவர் ஓடி வந்து, "பெட்டியைத் திறங்கள், இன்னொரு வேட்டி வைக்க வேண்டும்" என்றால் குமாஸ்தா என்ன சொல்வார்? நாவல் எழுதி ஏஜெண்டுக்கு அனுப்புகிறவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது.

பெருமாள்முருகனின் நாவல் ஆங்கிலத்தில் வந்து 2023-ல் ஜே.சி.பி. பரிசு பெற்றது. பானு முஷ்டாக்கின் கன்னடக் கதைகள் 2025-ல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. இவற்றைக் கண்டு, ஷிப்டு முடிந்து இரவில் உட்கார்ந்து எழுதும் நம்மவர்களுக்கும் ஆசை பிறப்பது இயற்கை. ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்கள் பல, எழுத்தாளர் நேரில் அனுப்பும் பிரதியை வாங்குவதில்லை. நடுவில் இலக்கிய ஏஜெண்டு வேண்டும்.

இந்த ஏஜெண்டு யார்? எழுத்தாளருக்காகப் பதிப்பகத்துடன் பேசி ஒப்பந்தம் முடிப்பவர். புத்தகம் விலை போனால்தான் அவருக்குக் கமிஷன். அங்கே பொதுவாக நூற்றுக்கு 15. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவரிடமிருந்து ஒதுங்கிக் கொள்ளுங்கள். ஆக, உங்கள் பிரதியை அவர் படிக்கும் நேரம் முழுதும் கூலியில்லாத வேலை. பாதி படித்திருக்கும்போது புதுப் பிரதி வந்தால் அந்த உழைப்பு வீண். அடுத்த வாரம் மூன்றாவது பிரதியும் வந்தால், "இவருக்கே தம் நாவல் முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை" என்ற எண்ணம் வந்துவிடும்.

ஆகவே அச்சுப்பிழை, நாலு வாக்கியம், ஓர் ஊர்ப் பெயர் இவற்றுக்காகத் திரும்ப எழுத வேண்டாம். நல்ல நாவலை ஓர் எழுத்துப்பிழைக்காக யாரும் தள்ளுவதில்லை. திருத்தத்தை உங்கள் பிரதியில் செய்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

முடிவே மாறிவிட்டது, நூறு பக்கம் குறைந்துவிட்டது என்றால் விஷயம் வேறு. அப்போதும் புதுப் பிரதியைக் கேளாமல் அனுப்பக்கூடாது. முதலில் அனுப்பிய ஈமெயிலுக்குப் பதிலாகவே நாலு வரி எழுதுங்கள்: இன்ன தேதியில் அனுப்பினேன், இன்ன பகுதியை மாற்றியிருக்கிறேன், புதுப் பிரதி வேண்டுமா, கையில் உள்ளதையே படிக்கிறீர்களா? அவர் வேண்டும் என்றால் அனுப்பலாம். கோப்பின் பெயரில் தேதி போட்டால் பழையதும் புதியதும் கலக்காது. பல ஏஜெண்டுகளிடம் பிரதி இருந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிவிப்பதே முறை.

ஏஜெண்டே யோசனை சொல்லி, "திருத்தி மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்பதும் உண்டு. சிலர் ஒரே வாரத்தில் அவசரமாகத் திருத்தி அனுப்பி வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் மூன்றாம் முறை வாய்ப்புக் கிடைப்பது அரிது.

மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவருடைய முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் ஒருவர் பிரதியை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீன் தம் ஏஜெண்டு டேவிட் ஹையமிடம் கொடுக்க, 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் அதை வெளியிட்டது. 'சுவாமியும் நண்பர்களும்' என்ற பொருளுள்ள ஆங்கிலத் தலைப்பும், நாராயணசுவாமி என்ற பெயர் நாராயண் என்று சுருங்கியதும் கிரீன் சொன்ன யோசனைகளே. படித்தவர் கேட்ட பிறகு செய்த மாற்றங்கள் அவை.

நம்மவர்களில் பலருக்கு ஒரு நாவல் முடிக்க நாலைந்து வருடம் ஆகிறது. லீவு நாளும் தூக்கமும் அதில் போகின்றன. அத்தனையும் போட்டு எழுதியதை முடித்த அன்றே அனுப்பி விடாதீர்கள். ஒரு மாதம் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு எடுத்து உரக்கப் படியுங்கள். விஷயம் தெரிந்த ஒரு நண்பரிடமும் காட்டுங்கள். திருத்த வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே கண்ணில் பட்டுவிடும். அதன் பிறகு அனுப்புங்கள்.