விளக்கடியில் எத்தனை நாழிகை?

தை மாதத்துப் பிற்பகுதி. கட்டுக்கரைக் குளத்து நீரால் விளைந்த முருங்கன் வயல்களில் அரிவு வெட்டுத் தொடங்கியிருந்தது. இரவு ஒன்பது மணி கடந்தும் அயல் வீட்டு விறாந்தையில் விளக்கு அணையவில்லை. பத்தாந் தரத்திற் படிக்கும் அவ்வீட்டுச் சிறுமி குனிந்த தலை நிமிராது எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை எழுதுறாய்?" என்றேன்.

"வரலாறு, சேர். பத்துப் பக்கம். புத்தகத்தில கிடக்கிறத அப்படியே எழுதிக்கொண்டு வரட்டாம்."

"எழுதினது விளங்குதோ?"

"விளங்கிறதுக்கு எங்க சேர் நேரம்? இன்னும் கணக்கும் விஞ்ஞானமும் கிடக்கு."

உபாத்தியாயத் தொழிலில் முடி நரைத்தவன் நான். அந்த விடை என் நெஞ்சிற் சுருக்கெனத் தைத்தது. வீடு திரும்பி ஒரு கடதாசியில் அவளுடைய நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடுகின்றது. உண்டு முடித்ததும் தனியார் வகுப்பு. அது முடிய மாலையாகின்றது. பின்பு வீதியோரம் காயவிட்ட நெல்லை மாடு மேயாமற் காத்து, பொழுதுபட அள்ளிக் கட்டவேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் அரை மணித்தியாலத்து வேலை மட்டுமே கொடுத்தாலும் மொத்தம் நான்கரை மணித்தியாலம் ஆகிவிடும். தனித்தனியே பார்த்தால் எவர்மீதும் குற்றமில்லை. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் கேளாது கொடுப்பதிலேதான் வினை இருக்கின்றது.

பரீட்சைக் காலம் மாறியதும் எம்மூரவருக்கு ஒரு புதிய இடராயிற்று. முன்னெல்லாம் அப்பரீட்சை மார்கழியில் நிகழும். வயல் பச்சையாய் நிற்கும் காலம் அது. கொரோனாவின் பின்னர் அத்தவணை குலைந்து, 2023இலும் 2024இலும் மே மாதத்திலும், 2025இல் மார்ச் மாதத்திலும் நடைபெற்றது. மார்ச்சிற் பரீட்சை என்றால் அதற்கு முந்திய இரண்டு மாதமும் அரிவு வெட்டுக் காலம். கொழும்பிலே தேதி குறிப்போருக்கு முருங்கன் வயல் கண்ணிற் படாதது வியப்பன்று.

இனி, கல்விமான்கள் யாது கூறுகின்றனர் எனப் பார்ப்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், 1987 முதல் 2003 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, தம் துணைவருடன் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டுப்பாடத்தினால் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு நன்மை உண்டு. ஆயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தைக் கடந்தால் அந்நன்மை பெருகக் காணோம் என்பது அவர் கருத்து. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையும் ஒன்பதாம் வகுப்பிற்கு மேற்பட்டோர்க்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலமே உச்சவரம்பு என்றது. சீனம் 2021இல் இடைநிலை வகுப்பினர்க்கு ஒன்றரை மணித்தியாலமே எல்லை என விதித்தது. நம் முன்னோர் கணக்கில் இரண்டு மணித்தியாலம் என்பது ஐந்து நாழிகை. எம்மூர்ப் பிள்ளையோ பதினொரு நாழிகைக்கு மேலாக விளக்கடியில் இருக்கவேண்டியதாகின்றது.

நிற்க. வீட்டுப்பாடமே வேண்டாம் என்பாருடன் நான் சேரேன். குளத்தில் இறங்காமல் நீச்சல் வருமோ? கணக்கும் அத்தகையதே. அன்றியும், போரினாலும் இடப்பெயர்வினாலும் படிப்பை இடையில் விட்ட பெற்றோர் இப்பகுதியிற் பலர். தனியார் வகுப்பிற்குப் பணம் கட்ட இயலாத வீட்டில், ஆசிரியர் கொடுத்தனுப்பும் நல்ல நான்கு கணக்குகளே அப்பிள்ளைக்குக் கிடைக்கும் தனி வகுப்பு. அதைப் பறித்தால் வசதியுள்ளவன் பிள்ளை மேலும் முன்னே ஓடுவான், இவள் பின்தங்குவாள்.

ஆயினும், கொடுத்த வேலையைத் திருத்துவது யார்? வகுப்பில் நாற்பது பேர் என்க. கொப்பி ஒன்றுக்கு மூன்று நிமிடம் செலவிட்டாலும் இரண்டு மணித்தியாலம் சென்றுவிடும். ஐந்து வகுப்பு உடையவருக்குப் பத்து மணித்தியாலம். ஆகவே பெரும்பாலும் ஒரு சிவப்புக் கோடும் கையொப்பமும் இட்டு முடித்துவிடுகின்றோம். நானும் அவ்வாறு செய்தவனே. பார்த்தெழுதும் பத்துப் பக்கம் பிறந்த இரகசியம் இதுதான். அதைத் திருத்த வேண்டியதில்லை அல்லவா? திருத்த முடிந்த அளவே கொடுப்பது என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணினால், பாதிப் பாரம் தானே குறைந்துவிடும்.

என் பழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் மூன்று நாள் தொடர்ந்து வீட்டுப்பாடம் செய்யாது வந்தான். காரணம் கேளாமல் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். நான்காம் நாள் அவன் வரவில்லை, பின்பு வரவேயில்லை. தகப்பன் நோயாய்க் கிடக்க, பன்றிக்குக் காவலாக இரவெல்லாம் வயற்பரணில் விழித்திருந்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இன்றும் நானாட்டான் வீதியிற் கண்டால் உழவு இயந்திரத்தை நிறுத்தி, "சேர், சுகமோ?" என்பான். விடை சொல்ல எனக்கு நா எழாது.

எனவே என் யோசனை எளியது. வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டுக. அன்று கொடுத்த வேலையையும் அதற்குச் செல்லும் நிமிடத்தையும் ஒவ்வோர் ஆசிரியரும் அதிற் குறிக்கட்டும். கூட்டுத்தொகை நூற்றிருபதைத் தொட்டால், அடுத்து வருபவர் தம் வேலையை மறுநாளுக்கு ஒத்திவைக்கட்டும். அரிவு வெட்டு வாரங்களில் அறுபது போதும். இதற்குச் சுற்றறிக்கையும் வேண்டா, பணமும் வேண்டா. ஒன்பது பேர் தேநீர் வேளையில் ஒருமுறை கூடிப் பேசினாற் போதும்.

அன்றிரவு மீண்டும் அவ்விறாந்தைக்குச் சென்று, வரலாற்றுக் கொப்பியை மூடச் சொல்லி, கணக்கு ஒன்றை எடுத்தோம். இரண்டு முறை பிழைத்து மூன்றாம் முறை சரியாக வந்தது. பத்தரை மணிக்கு விளக்கு அணைந்தது. வரலாற்றில் ஏழு பக்கம் எஞ்சியிருந்தது.

"நாளைக்கு ஏசுவினம், சேர்" என்றாள்.

அவளுடைய ஆசிரியருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.