எருமை நாக்கும் இடம்பெயர்ந்த கண்ணும்

மீனுக்குக் கண் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைதல் இயல்பு. அவ்வியல்பினின்றும் மாறி, இரு கண்ணும் ஒரே புறத்தில் அமையப்பெற்ற மீன்களும் கடலில் உள. தட்டை மீன்கள் எனப்படும் இவற்றில் 700 க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தமிழ்க் கரையோர மீனவர் 'எருமை நாக்கு' என்பர். அகன்று தடித்துக் கருமை படர்ந்த அதன் உடலைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை மறவார்.

செங்கடல் முதல் யப்பான், அவுஸ்திரேலியா வரையுள்ள வெப்பக் கடல்களில், இலங்கைக் கடல் உட்பட, மணலும் சேறும் பொருந்திய அடித்தளமே இதன் உறைவிடம். ஏறத்தாழ 100 மீற்றர் ஆழம் வரை வாழும். 60 சென்ரிமீற்றர் வரை வளரும். மணலிற் புதைந்து, கண்களை மட்டும் வெளியே காட்டிக் கிடக்கும். அணுகிய சிறுமீனை அகன்ற வாயாலும் கூரிய பற்களாலும் பற்றிக்கொள்ளும்.

இம்மீன் பிறவியிலே இவ்வடிவினதன்று. குடம்பிப் பருவத்தில் ஏனைய மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும். கண்களும் இருபுறமும் இருக்கும். பின்னர்த் தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன் தூண்ட, மண்டையோடு திரிபடைய, ஒரு கண் மெல்ல மெல்ல மேலேறி மறுபுறத்தை நாடுகின்றது. மீனும் ஒருக்கணித்துத் தரையை அடைகின்றது. மேற்புறம் நிறம் பெறும். கீழ்ப்புறம் வெளிறி நிற்கும்.

இக்கண்ணே அறிஞரிடையே பெரியதொரு வாதத்தை எழுப்பியது. கூர்ப்பு படிப்படியாக நிகழ்வதாயின், பாதி வழியில் நின்ற கண்ணால் மீனுக்குப் பயன் யாது என 1871 இல் மைவாட் என்பார் வினவினார். 1872 இல் வெளிவந்த தமது நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் விடை பகர்ந்தார். எனினும் இடைநிலை வடிவத்தைக் காட்டும் உயிர்ச்சுவடு எதனையும் அவரால் முன்வைக்க இயலவில்லை. 2008 இல் பிரீட்மன் என்னும் ஆய்வாளர் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடைய உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து, ஒரு கண் மேலேறியும் தலையுச்சியைக் கடவாது நின்ற வளர்ந்த மீன்களைக் காட்டினார். மைவாட் கேட்ட பாதிவழிக் கண் கல்லிற் கிடைத்தது!

இன்று வாழ்வனவற்றுள் அப்பழைய நிலைக்கு அண்மையில் நிற்பது நமது எருமை நாக்கே. இதன் இடம்பெயர்ந்த கண் தலையின் விளிம்போடு நின்றுவிடுகின்றது. முதுகுச் செட்டையும் ஏனைய தட்டை மீன்களிற்போலத் தலைமீது படராது பின்னே தொடங்குகின்றது. வலக்கண்ணரும் இடக்கண்ணரும் இவ்வினத்தில் ஒருங்கே உளர்.

இனி, பெயரைப் பற்றி ஒரு சொல். தரங்கம்பாடிக் கடலிலிருந்து பெற்ற இம்மீனை, புளொக், சினைடர் ஆகியோர் பெயரால் 1801 இல் பேர்லினில் வெளிவந்த நூல் விவரித்தது. அந்நூல் சூட்டிய 'எருமெயி' என்னும் இனப்பெயர் நம் எருமையே. உலகத்து விஞ்ஞானிகள் யாவரும் அறிந்தோ அறியாமலோ மீனவர் வாய்மொழியை உச்சரிக்கின்றனர்.

பிறநாட்டார் ஏட்டில் ஏற்றிய சொல்லை நாம் கொச்சையென ஒதுக்கிப் புதுச்சொல் புனைதல் தகுமா? கலைச்சொல் தேடுவோர் நிகண்டோடு கரைவலையையும் நாடுக. கடலோரப் பாடசாலை ஆசிரியர் மாணவரோடு வாடிக்குச் சென்று, மீன்பெயர்களை முதியோர் சொல்லக் கேட்டு எழுதிவைப்பாராக. பெயரறிந்தோர் மறைந்தபின் கடலைக் கேட்டாலும் அது சொல்லாது.