தீர்ப்பு சொல்லாத நடுவர்

சங்கரன்கோவில் தலபுராணமே ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. சிவன்தான் பெரியவர் என்கிறான் சங்கன். திருமால்தான் என்று மல்லுக்கு நிற்கிறான் பதுமன். இந்த நாக அரசர்களின் வழக்கு அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சிவன் பாதி திருமாலாக இறைவன் காட்சி தந்தார் என்பது ஐதிகம். ஆடித்தபசுக்கு ஊர் திணறத் திணறக் கூட்டம் கூடுவது அந்தக் காட்சிக்காகத்தான். வழக்கில் ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை.

தமிழ்ப் பேச்சு மேடை அப்படி இருந்ததில்லை. பட்டிமன்றம் என்றால் இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் தீர்ப்பு. குன்றக்குடி அடிகளார், சாலமன் பாப்பையா போன்றவர்கள் அதை ஊர்த் திருவிழாவின் அங்கமாகவே ஆக்கினார்கள். ஆனால் பேசியவர்கள் பெரும்பாலும் பேச்சாளர்கள். சாமானியர் கையில் மைக் வந்தது, விசு சன் டி.வி.யில் ‘அரட்டை அரங்கம்’ நடத்தியபோது. 2006-ல் விஜய் டி.வி.யில் ‘நீயா நானா’ வந்தது. மாமியார்–மருமகள் சண்டை, நகை ஆசை, பிள்ளை வளர்ப்பு எல்லாம் பேசுபொருள் ஆயின. கோபிநாத் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேட்டார். நடுவர் தீர்ப்பு கிடையாது. அந்த மாற்றம் சிறியதல்ல.

இணையம் அடுத்த தடையை உடைத்தது: நேரம். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், ஒரு மணி நேர உரையாடலைக் கைப்பேசியிலேயே பார்க்கும் பழக்கம் கிராமம் வரை போனது. ‘மண்வாசனை’ படத்தைத் தயாரித்த சித்ரா லட்சுமணன், டூரிங் டாக்கீஸ் சேனலில் நடத்தும் ‘சாய் வித் சித்ரா’ இதற்கு நல்ல உதாரணம். ஒரே கலைஞரோடு பேசுவது பல பகுதிகளாக நீளும். சித்ரா லட்சுமணனும் சினிமாவிலேயே ஊறியவர் என்பதால், விருந்தினர் எதையும் அரிச்சுவடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை. பேச்சு நேராக விஷயத்துக்குள் இறங்கிவிடுகிறது.

ஒரு கைப்பேசியும் சட்டையில் மாட்டும் மைக்கும் இருந்தால் சங்கரன்கோவிலிலிருந்தும் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். கருவி சுலபம். காத்திருப்பதுதான் கஷ்டம்.

மனிதர்கள் பேச்சில் இடைவெளியைத் தாங்க மாட்டார்கள். பத்து மொழிகளில் கேள்வி–பதில்களை அளந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பதில் வர ஒரு விநாடி தாமதித்தாலே நெறியாளருக்குப் பதற்றம் வந்துவிடும். அடுத்த கேள்வியை வீசிவிடுவார். இந்த ஊர் விசைத்தறிக்காரர் ஒருவரிடம், “தறித்தொழில் அழிஞ்சுக்கிட்டு வருதுல்ல?” என்று கேட்டால் “ஆமா” என்பதோடு பேச்சு முடிந்தது. “அண்ணாச்சி, மொத மொத தறியில நின்ன அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அவர் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாழ்க்கையே வெளியே வரும். அதுவும் அவருடைய சொந்தத் தமிழில் வரும். “வந்தாக, போனாக” என்று பேசுகிறவரைத் திருத்தி, டி.வி. தமிழுக்கு இழுப்பது பெரிய அநியாயம்.

இடமும் முக்கியம். தறி ஓடும் கூடத்துக்குள் உட்கார்ந்து பதிவு செய்தால் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். பேட்டியைத் தனியாக ஓர் அறையில் எடுத்துவிட்டு, தறிச் சத்தத்தைப் பிறகு தனியே பதிவு செய்து தேவையான இடத்தில் சேர்க்கலாம்.

இதைவிடக் கவனம் தேவைப்படும் இடம் வெட்டி ஒட்டும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து அரை நிமிடக் கண்ணீரை மட்டும் உருவி, கொட்டை எழுத்துத் தலைப்போடு ஓடவிடுவது இன்று சர்வசாதாரணம். நம்பிப் பேசியவர் மறுநாள் தெருவில் நடக்க வேண்டும் என்ற நினைப்பே அதில் இல்லை. சில இடங்களில் சட்டமே கோடு போட்டிருக்கிறது: பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம், குழந்தை என்றால் 2012-ன் போக்சோ சட்டமும் குறுக்கே நிற்கும். மற்ற இடங்களில் கோடு போட வேண்டியவர் நெறியாளர். வெட்டிய வீடியோவை ஏற்றுவதற்கு முன்னால் பேசியவருக்கு ஒருமுறை போட்டுக்காட்டி, “இது வேண்டாம்” என்று அவர் சொல்லும் இடத்தை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்துக்காகத்தான் ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தாலும்.