இளமூளையின் காயமும் டோபமைனும்

“பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்குப் பிராணவாயு போதவில்லை என்றார்கள். போனது திரும்ப வருமா?” குழந்தை நரம்பியல் பிரிவுக்கு வரும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் இதுவே. மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் எஞ்சிய அணுக்கள் அதன் பணியை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளும் என்பது, காயம் நேர்ந்த பருவத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. டோபமைன் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு இதை ஓரளவு விளக்கலாம்.

டோபமைனை ‘மகிழ்ச்சி தரும் ரசாயனம்’ என்று பலரும் கேள்விப்பட்டிருப்பர். அது பாதி உண்மைகூட அன்று. எண்ணியவுடன் கை நீள்வதற்கும், கவனம் ஒன்றில் நிலைப்பதற்கும், முயன்று பெற்றதை மூளை பதிந்துகொள்வதற்கும் அது தேவை. நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சர்ப்பகந்தாவிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் என்னும் மருந்தை 1950களில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

டோபமைனைச் சுரக்கும் அணுக்கள் நடுமூளையில் சில லட்சங்களே உள்ளன. கருவின் இரண்டாம் மாதத்திலேயே அவை தோன்றத் தொடங்குகின்றன. அவற்றின் இழைகள் முதலில் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் அடிமூளை முடிச்சுகளை அடைகின்றன. திட்டமிடலுக்கும் கவனத்துக்கும் உரிய முன்மூளைப் பகுதியில் அவை முழுமையாகப் பரவுவதற்கு வளரிளம் பருவம் கடந்துவிடுகிறது. டோபமைனை உருவாக்கும் நொதி இயங்க இரும்புச்சத்து வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இரும்புச்சத்து மருந்தை நாங்கள் வற்புறுத்துவது இரத்தசோகைக்காக மட்டுமன்று.

இனி காயத்தைப் பார்ப்போம். வளர்ந்த எலியின் டோபமைன் இழைகளை ஒரு நச்சினால் ஏறத்தாழ முழுமையாக அழித்தால் அது அசையாது, உண்ணாது, நீர் பருகாது. குழாய் வழியே ஊட்டாவிடில் இறந்துவிடும். அதே அழிவைப் பிறந்து சில நாளேயான குட்டிக்கு நேரச் செய்தாலோ, அது பால் குடித்து வளர்ந்து ஓடியாடுகிறது. வெறுமையான இடத்தில் செரடோனின் இழைகள் மிகுதியாகப் படர்வதையும், எஞ்சிய சிறிதளவு டோபமைனுக்கே ஏற்பிகள் கூர்மையாக வினைபுரிவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். வளர்ந்த மூளைக்கு இவ்வளவு நெகிழ்ச்சி இல்லை. ஆனால் இந்த ஈடுகட்டலுக்கு ஒரு விலையும் உண்டு. அக்குட்டிகள் இளம் பருவத்தில் அளவுமீறித் துறுதுறுத்தன, கற்பதில் பின்தங்கின.

மனிதரிலும் இதன் சாயல் தெரிகிறது. மிகவும் குறைமாதத்தில் பிறந்து அப்போதே மூளையில் காயம் கண்டவர்களை, அவர்கள் பெரியவர்களான பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் மூளை டோபமைனை உருவாக்கும் திறன் குறைந்திருந்தது. அதே அளவு குறைமாதத்தில் பிறந்தும் காயமின்றித் தப்பியவர்களிடம் அக்குறை இல்லை. எனவேதான், நடந்துவிட்டான், பேசிவிட்டான் என்று நிம்மதி அடைந்த பெற்றோரையும் பள்ளி வயது வரை எங்களைப் பார்க்கச் சொல்கிறோம். ஐந்து வயதில் ஓரிடத்தில் அமராத பிள்ளையை அடங்காப்பிடாரி என்று முடிவுகட்டுமுன் அவன் பிறந்தபோது என்ன நேர்ந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறந்தவுடன் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கலாமே என்று கேட்போரும் உண்டு. வசதி மிக்க நாடுகளில் அது பயன் தந்துள்ளது. சென்னை, பெங்களூரு, மும்பை மருத்துவமனைகளுடன் இலங்கையும் வங்கதேசமும் பங்கேற்ற ‘ஹீலிக்ஸ்’ ஆய்வில் 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். 2021இல் வெளியான அதன் முடிவு ஏமாற்றம் அளித்தது: குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்தினரும், மற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்தனர். ஆதலால் பின்வரும் மாதங்களின் பயிற்சியை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

பயிற்சி என்றதும் பலர் எண்ணெய் தேய்த்துக் கைகால்களை நீவிவிடுவதையே நினைக்கின்றனர். அது நல்லதே, குழந்தைக்கு இதம் தரும். ஆனால் குழந்தை தானே முயன்று, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஒன்று கிட்டும்போதே டோபமைன் சமிக்ஞை உயர்ந்து அம்முயற்சியைப் பதியச் செய்கிறது. நாம் பிடித்து அசைக்கும் கையில் அது நிகழ்வது அரிது. கிலுகிலுப்பையைக் கையில் திணிக்காதீர்கள். எட்டும் தொலைவுக்குச் சற்று அப்பால் வைத்துக் காத்திருங்கள். துறையூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ வாரம் மும்முறை பேருந்தில் தில்லை நகருக்கு வந்து களைப்பதைக் காட்டிலும், வீட்டில் பாட்டியும் அக்காளும் நாள்தோறும் பலமுறை இப்படி விளையாட்டுக் காட்டுவது மேல். அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களிலும் பயிற்சி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இறுதியாக ஒன்று. மூளை முடக்குவாதம் என்று பெயர் சூட்டப்பட்ட குழந்தைகளில் மிகச் சிலருக்குக் காயமே இருப்பதில்லை. டோபமைன் உற்பத்தியில் பரம்பரைக் கோளாறு மட்டும் இருக்கும். ஜப்பானிய மருத்துவர் செகாவா 1970களில் விவரித்த இந்நோயில், காலையில் ஓரளவு நடக்கும் குழந்தை மாலையில் கால் முறுக்கித் தடுமாறும். உறங்கி எழுந்தால் தெளியும். சிறிதளவு எல்-டோபா வியக்கத்தக்க மாற்றத்தைத் தரும். பூனைக்காலி விதையிலும் எல்-டோபா உண்டு என்று படித்துவிட்டுத் தாமாகப் பொடி கொடுப்பது ஆபத்து. அளவு தெரியாது, வாந்தியும் தன்னிச்சையான உதறலும் வரலாம். உங்கள் குழந்தையிடம் காலைக்கும் மாலைக்கும் இத்தகைய வேறுபாடு தெரிந்தால், இரு வேளையும் அது நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்து, அடுத்த முறை வரும்போது மறவாமல் எங்களிடம் காட்டுங்கள்.